காங்கிரீட் தாண்டாத சிக்னல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்மார்ட் ஹோம் சாமான் வாங்கி மாட்டினவங்க எழுதுற கடிதங்கள்ல ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருது. கீழ நல்லா வேலை செய்யுது மேல போனா ஆஃப்லைன், ஹால்ல வேலை செய்யுது அடுத்த ரூம்ல ஆஃப்லைன். அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்காம சுவரு, தளம் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் சேர்த்து வெச்சு பதில் எழுதியிருக்கேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஜிக்பீங்கறது சென்சார், பிளக் மாதிரி சின்ன சாமானுங்க தங்களுக்குள்ள பேசிக்கிற ரேடியோ முறை, அதுங்க சேதியை வாங்கி ஆப்புக்கு தர்ற பெட்டிதான் ஹப். கொஞ்சம் நீளமா போகுது, பொறுமையா படிங்க, இதுக்குன்னு செலவு பண்றதுக்கு முன்னாடி கண்டிப்பா படிங்க.

கேள்வி: சார், எங்க வீடு கீழ மேல ரெண்டு தளம். ஜிக்பீ ஹப் கீழ டிவிக்கு பின்னாடி ரவுட்டர் பக்கத்துலயே இருக்கு. மாடி ரூம் கதவுல ஒரு சென்சார், மாடி பாத்ரூம்ல தண்ணி கசிவு சென்சார் ஒண்ணு. ரெண்டும் ஒரு நாள் இருக்கும், ரெண்டு நாள் காணாம போயிடும். விக்கிறவங்ககிட்ட கேட்டா இன்னும் பவர்ஃபுல்லான ஹப் வாங்குங்கன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்காதீங்க, இப்போதைக்கு பர்ஸை மூடி வைங்க. காரணம் சொல்றேன்.

காங்கிரீட் சிக்னலை ரெண்டு மூணு விதத்துல கெடுக்குது. மேல படுற அலையில ஒரு பங்கை அப்படியே திருப்பி அனுப்பிடும், உள்ள நுழைஞ்சதுல ஒரு பங்கை சூடாக்கி தின்னுடும், அது போக உள்ள கட்டியிருக்கிற கம்பி வேற குறுக்க நிக்கும். எவ்வளவு தின்னும்னு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு பரிந்துரையில, பி.2040ன்னு பேரு, காங்கிரீட்டுக்கான அளவுகளை குடுத்திருக்காங்க. அதை வெச்சு 15 சென்டிமீட்டர் கனத்துக்கு நான் கணக்கு போட்டு பார்த்தேன். ஜிக்பீயும் சாதா வைஃபையும் ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சுமார் 10 டெசிபல் போகுது, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனா கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு, 868 மெகாஹெர்ட்ஸ்ல 4லிருந்து 5 டெசிபல்தான். இது கம்பி இல்லாத, காய்ஞ்ச காங்கிரீட்டுக்கு. கம்பி, திரும்பிப் போற பங்கு எல்லாம் சேர்ந்தா இன்னும் கூடத்தான் போகும், ஈரம் ஊறி இருந்தா அதுக்கும் மேல.

டெசிபல்னா என்னன்னு முழிக்காதீங்க, 3 டெசிபல் போனா பாதி சக்தி போச்சு, 10 போனா பத்துல ஒரு பங்குதான் மிச்சம், 20 போனா நூத்துல ஒரு பங்கு. இன்னொரு விதமா சொல்லணும்னா திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். அப்படின்னா 10 டெசிபல் தின்னுற ஒரு சுவர் இருக்குன்னா ஹப்பை மூணு மடங்கு தூரத்துக்கு தள்ளி வெச்ச மாதிரி, ரெண்டு சுவர்னா பத்து மடங்கு தூரம். மாடி ரூம் தலைக்கு மேலதானே இருக்குன்னு நமக்கு தோணும், ஆனா சிக்னலைப் பொறுத்தவரை அது ரெண்டு தெரு தள்ளி இருக்கு.

சரி, பவர் கூட்டினா தீராதான்னா, தீராது. ஏன்னா இது ஒருவழிப் பேச்சு இல்ல. ஹப் கரண்ட்ல ஓடுது, அது கத்தலாம். சென்சார் ஒரு பட்டன் பேட்டரியில ரெண்டு வருஷம் ஓடணும்னு செஞ்சது, அது முனகத்தான் முடியும். ஹப்பை எவ்வளவு பலமா கத்த வெச்சாலும் சென்சார் முனகுறது ஹப் காதுல விழணும் இல்லையா, விழலைன்னா ஆஃப்லைன்தான். நல்ல ஆன்டெனா இருக்கிற ஹப்னா கேக்கறதும் கொஞ்சம் நல்லா கேக்கும், அது உண்மை, ஆனா கம்பி கட்டின தளத்துக்கு அந்த கொஞ்சம் பத்தாது.

நீங்க பண்ண வேண்டியது வழியை மாத்துறது. காங்கிரீட் இல்லாத வழி எல்லா மாடி வீட்லயும் ஒண்ணு இருக்கு, மாடிப்படி. தளத்துல அந்த இடம் மட்டும்தான் திறந்து கிடக்கு.

முதல் வேலையா ஹப்பை டிவி பின்னாடி இருந்து வெளிய எடுங்க. டிவி முதுகுல பெரிய தகடு இருக்கு, அதுவே ஒரு சுவர் மாதிரி. ரவுட்டர்ல இருந்து ஒண்ணு ரெண்டு மீட்டராவது தள்ளி, ஆள் மார்பு உயரத்துல, படிக்கட்டு கண்ணுக்கு தெரியுற இடமா பார்த்து வைங்க. நீளமா ஒரு லேன் கேபிள் தேவைப்படும், அவ்வளவுதான். அடுத்து படி திரும்புற இடத்துல ஒரு பிளக் பாயின்ட் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுல ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் போடுங்க. கரண்ட்ல ஓடுற ஜிக்பீ சாமான் பெரும்பாலும் ரிப்பீட்டர் வேலையும் சேர்த்து பாக்கும், ஒண்ணுத்துகிட்ட வாங்கி அடுத்ததுக்கு கொடுக்கும், வாங்கும்போது ஜிக்பீ ரவுட்டரா (ரிப்பீட்டருக்கு அவங்க வைக்கிற பேர் அது, வைஃபை ரவுட்டர் இல்ல) வேலை செய்யும்னு விவரத்துல போட்டிருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க. மாடியில படி முடியுற இடத்துக்கிட்ட இன்னொண்ணு. ஹப்புக்கு கிட்ட இருக்கிறதை முதல்ல ஆப்ல சேர்த்துடுங்க, அப்புறம் தள்ளி இருக்கிறதை, கடைசியா சென்சாரை. அந்தந்த சாமானை அது இருக்கப் போற இடத்துல வெச்சே சேக்கணும், ஹப் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சேர்த்துட்டு அப்புறம் மேல கொண்டு போய் மாட்டுனா பழைய வழியையே புடிச்சுகிட்டு தொங்கும்.

எங்க வீட்ல நான் இதை பண்ணும்போது ஒரு தண்ணி கசிவு சென்சாரை கையில வெச்சுகிட்டு படி படியா ஏறினேன், ஒவ்வொரு படியிலயும் அதோட ரெண்டு ஊசியையும் ஈர விரலால தொட்டா அது ஹப்புக்கு சேதி அனுப்பும், ஆப்ல சிக்னல் தரம் எவ்வளவுன்னு 255க்கு கணக்கா காட்டும். படி திரும்புற வரைக்கும் நூத்தம்பதுக்கு கீழ இறங்கல. ரூமுக்குள்ள ஒரு அடி எடுத்து வெச்சு சுவருக்கு பின்னாடி போனதும் நாப்பது, கட்டில் பக்கம் போனா சேதியே போகல. ஒரு அடி வித்தியாசம்! அதே நேரம் கதவைத் திறந்து வெச்சுட்டு நேர் எதிர்ல நின்னா மறுபடி எண்பது வந்தது. அந்த எண்பது வந்த இடத்துல ஒரு பிளக்கை மாட்டினதோட என் பிரச்சனை முடிஞ்சுது. இதை நீங்களும் பண்ணிப் பாருங்க, அரை மணி நேர வேலை, உங்க வீட்ல சிக்னல் எந்த வழியா போகுதுன்னு வேற யாரும் உங்களுக்கு சொல்ல முடியாது.

கேள்வி: ஜிக்பீ மெஷ் ஆகும், சாமான் கூட கூட சிக்னல் நல்லாகும்னு சொல்லித்தான் வாங்கினேன். இப்ப என்கிட்ட 14 சாமான் இருக்கு, இன்னும் மோசமாத்தான் இருக்கு. கதவு சென்சார் 6, மோஷன் 4, வெப்பநிலை பாக்குறது 2, பல்பு 2. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, பாதியைத்தான் சொல்லியிருக்காங்க. மெஷ்னா ஒண்ணோட சேதியை இன்னொண்ணு சுமந்து கை மாத்தி விடுற வலை. பேட்டரியில ஓடுற எதுவும் அடுத்தவங்க சேதியை சுமக்காது. சுமக்கணும்னா எந்நேரமும் முழிச்சிருக்கணும், முழிச்சிருந்தா பேட்டரி சில நாள்லயே தீர்ந்துடும், அதனால அது தன் வேலையை முடிச்சுட்டு தூங்கிடும். உங்ககிட்ட இருக்கிற 14ல 12 தூங்குமூஞ்சிதான், சுமக்கக்கூடியது அந்த ரெண்டு பல்பு மட்டும்.

இப்ப அந்த பல்பைப் பத்தி ஒரு கேள்வி கேக்குறேன், ராத்திரி படுக்கும்போது அதை ஆப்ல அணைக்கிறீங்களா இல்ல சுவர் ஸ்விட்சுல அணைக்கிறீங்களா? சுவர் ஸ்விட்சுலன்னா காரணம் அங்கேயே இருக்கு. ஸ்விட்சை தட்டின நிமிஷம் பல்புக்கு கரண்ட் இல்ல, அதை நம்பி இருந்த சென்சாருங்க எல்லாம் நடுவழியில நிக்கும், வேற வழி தேடி அலையும், சிலது கண்டுபுடிக்கும் சிலது கண்டுபுடிக்காது. காலையில லைட் போட்டதும் பல்பு திரும்ப வரும், சென்சார் வராது. பகல்ல வேலை செய்யுது ராத்திரி ஆனா போயிடுதுன்னு எனக்கு வர்ற கடிதங்களுக்கு நான் முதல்ல கேக்குற கேள்வியே இதுதான்.

இது எனக்கே நடந்ததுங்க. வராண்டா பல்பு வழியாத்தான் கேட் சென்சார் பேசுதுன்னு தெரியாம ஒரு மாசம் நாலு பேட்டரி மாத்தினேன். சிக்னல் பலவீனமா இருந்தா அனுப்பினதையே திரும்பத் திரும்ப அனுப்பும், அதுல பேட்டரி சீக்கிரம் தீரும், நான் பேட்டரிதான் மட்டம்னு நினைச்சுகிட்டு இருந்தேன். ஒரு நாள் ஆப்ல இருக்கிற நெட்வொர்க் படத்தை பெருசு பண்ணி பார்த்தப்பதான் கேட் சென்சார்ல இருந்து ஒரே ஒரு கோடு நேரா அந்த பல்புக்கு போறது தெரிஞ்சுது. அதனால உறுதியா சொல்றேன், ரிப்பீட்டர் வேலைக்கு பல்பை நம்பாதீங்க, யாரும் கழட்டாத, யாரும் அணைக்காத ஒரு பிளக்கை வைங்க, வீட்ல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் இதை கழட்டக் கூடாதுன்னு சொல்லி வைங்க, முடிஞ்சா ஒரு சீட்டு எழுதி அதுக்கு மேல ஒட்டுங்க. சார்ஜர் போட இடம் இல்லைன்னு அதை உருவி எடுத்துட்டு போறது எல்லா வீட்லயும் நடக்கும்.

உங்க கணக்குக்கு ரூமுக்கு ஒண்ணுன்னு நாலு அஞ்சு பிளக் போட்டீங்கன்னா போதும்.

கேள்வி: சுவத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டா சிக்னல் அந்த வழியா வருமா? ரவுட்டருக்கு பின்னாடி அலுமினிய ஃபாயில் வெச்சா இந்த பக்கம் பலமா வரும்னு வேற சொல்றாங்களே?

ஓட்டை வழியா வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் பன்னெண்டரை சென்டிமீட்டர், விரல் நுழையுற ஓட்டை அதுக்கு இருக்கிறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். ஆனா அதே ஓட்டை வழியா ஒரு லேன் கேபிள் போகும், அதை யோசிங்க, அந்த ஓட்டைக்கு அதுதான் நல்ல உபயோகம். துளை போடுறதுக்கு முன்னாடி உள்ள கரண்ட் வயரும் தண்ணி பைப்பும் எங்க ஓடுதுன்னு தெரிஞ்சவங்களை வெச்சு பார்த்துக்குங்க, தூண்லயும் பீம்லயும் கை வைக்கவே வேண்டாம்.

ஃபாயில் ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டும், மறுபக்கம் நிறைய குறைக்கும், எந்தப் பக்கம்னு நம்ம கையில இல்ல. வேண்டாம்.

கேள்வி: எல்லாமே வைஃபை சாமான்தான் வாங்கியிருக்கேன். ரெண்டு கேமரா, அஞ்சாறு பிளக், ஒரு காலிங் பெல். சிக்னல் வராத ரூம்ல ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி வெச்சேன். எக்ஸ்டெண்டர்ல ஃபுல் சிக்னல் காட்டுது ஆனா கேமரா படம் நின்னு நின்னு வருது. ஏன்?

எக்ஸ்டெண்டரை சிக்னல் வராத ரூம்ல வெச்சா அதுக்கும் சிக்னல் வராதே! கேமராவுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல இருக்கிற சிக்னல் ஃபுல்லா இருக்கும், உங்க போன்ல காட்டுற கோடு அதைத்தான் காட்டுது, எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல இருக்கிறதை காட்டாது. எக்ஸ்டெண்டரை ரவுட்டர் சிக்னல் நல்லா கிடைக்கிற கடைசி இடத்துல வைக்கணும், சிக்னல் செத்த இடத்துல இல்ல.

அந்த கடைசி இடத்தை எப்படி கண்டுபுடிக்கிறதுன்னா போன்ல வைஃபை அளக்குற ஆப் ஒண்ணு போட்டுக்குங்க, டிபிஎம்னு மைனஸ்ல ஒரு எண் காட்டும், பூஜ்யத்துக்கு கிட்ட வர வர நல்லது. மைனஸ் 50ன்னா அருமை, மைனஸ் 67 வரைக்கும் கேமராவுக்கு தைரியமா வைக்கலாம், மைனஸ் 75ல பிளக்கு, காலிங் பெல் மாதிரி கொஞ்சமா பேசுறது சமாளிச்சுக்கும், 80ஐ தாண்டினா எதுவும் நம்ப முடியாது. ரவுட்டர்ல இருந்து நடந்துகிட்டே பாருங்க, மைனஸ் 60, 65 காட்டுற இடத்துல நில்லுங்க, அங்க எக்ஸ்டெண்டர். அந்த இடம் பெரும்பாலும் கதவு நிலைக்கு நேரா இல்ல படிக்கட்டு வாய்கிட்டதான் அமையும்.

அப்பவும் ஒரு குறை இருக்கு. சாதா எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுல திருப்பி அனுப்புது, அதனால வேகம் பாதியாகிடும். பிளக்குக்கு இது ஒரு பொருட்டே இல்ல, கேமராவுக்கு பொருட்டு. ரெண்டு கேமரா வெச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்றது மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்குற பெட்டி, வைக்கிறதுதான். மெஷ் வைஃபை செட்டு வாங்கினாலும் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கேபிள் போட முடிஞ்சா போட்டுடுங்க. காங்கிரீட்டுக்கு கேபிளைப் போல மருந்து கிடையாது, நாலு பெட்டி வாங்கி அடுக்குறதை விட ஒரு கேபிள் மேல். கரண்ட் வயர் வழியாவே நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர்னு ஒண்ணும் இருக்கு, ரெண்டு பிளக்கும் ஒரே ஃபேஸ்ல இருந்தா பரவாயில்லாம ஓடும், வேற வேற ஃபேஸ்ல இருந்தா சில வீட்ல ஓடவே ஓடாது, திருப்பிக் கொடுக்க முடியும்னா மட்டும் வாங்கிப் பாருங்க.

ரவுட்டர்ல இன்னும் சில சின்ன வேலை இருக்கு. ஸ்மார்ட் பிளக், பல்பு எல்லாம் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பேசும். அதனால 2.4ஐ தனிப் பேர்ல வெச்சா சேர்க்கும்போது குழப்பம் வராது, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ்னு வைங்க, 40 வேண்டாம். ரவுட்டர்ல குச்சி ஆன்டெனா இருந்தா எல்லாத்தையும் செங்குத்தா நிறுத்தாம ஒண்ணை படுக்க வைங்க. நிக்கிற குச்சி சுத்துவட்டமா நாலு பக்கமும் நல்லா அனுப்பும், தன் தலைக்கு நேர் மேலயும் காலுக்கு நேர் கீழயும் ரொம்ப கம்மியாத்தான் அனுப்பும். நேர் மேல இருக்கிற ரூமுக்கு சிக்னல் வரலைன்னா இந்த ஒரு வேலையே சில நேரம் போதுமா இருக்கும். இதுக்கு செலவே இல்ல, முதல்ல இதைப் பண்ணிட்டு அப்புறம் மத்ததுக்கு வாங்க.

கேள்வி: அண்ணா, நான் ஒரு மினி கம்ப்யூட்டர்ல ஜிக்பீ யூஎஸ்பி டாங்கிள் சொருகி, ஹப்புக்கு பதிலா ஹோம் அசிஸ்டென்ட்ங்கற சாஃப்ட்வேர் ஓட்டுறேன். அதே ரூம்ல இருக்கிற சென்சாரே விட்டு விட்டு வருது. சுவரே இல்லாதப்ப ஏன் இப்படி?

தம்பி, டாங்கிளை எந்த போர்ட்ல சொருகியிருக்கன்னு எழுதல, நீல கலர் போர்ட்னா அதான் வில்லன். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதுல சொருகுற ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலை கிளப்பும். இதை இன்டெல் கம்பெனியே 2012ல அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டிருக்காங்க. டாங்கிளோட காதுக்கு பக்கத்துலயே ஒருத்தர் தட்டு தட்டிகிட்டு இருந்தா தூரத்துல முனகுறது எப்படி கேக்கும், நீ சுவரைத் திட்டிகிட்டு இருக்க, சுவரு பாவம்.

ஒரு மீட்டராவது நீளமா யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒண்ணு வாங்கி, 2.0 போர்ட்ல சொருகி, டாங்கிளை கம்ப்யூட்டர்ல இருந்து தள்ளி, உயரமா, ரவுட்டருக்கும் எட்டாம வை. மாடிக்கு எட்டலைன்னு எழுதுறவங்களுக்கும் இதையேதான் சொல்வேன், ஏன்னா இரைச்சல் குறைஞ்சா எட்டுற தூரம் தானா கூடும்.

அடுத்து சேனல். ஜிக்பீக்கு 11ல இருந்து 26 வரைக்கும் 16 சேனல் இருக்கு, வைஃபை சேனல் எண்ணோட இதை போட்டு குழப்பிக்காத, ரெண்டும் வேற வேற கணக்கு. வைஃபை 1, 6, 11ல ஏதாவது ஒண்ணுல ஓடுச்சுன்னா அந்த மூணுக்கும் நடுவுல இருக்கிற சந்துல ஜிக்பீ 15, 20 வந்து விழும், 25 அதுக்கும் மேல தள்ளி விழும். உன் வைஃபை 1ல ஓடுனா 25 போடு, 11ல ஓடுனா 15 போடு. 26ஐ நான் தொட மாட்டேன், சில சாமான் அந்த சேனல்ல பவரை குறைச்சுத்தான் பேசும், சிலது சேரவே சேராது. முக்கியமா ரவுட்டர்ல சேனலை ஆட்டோல விடாம ஒரு எண்ணுல நிறுத்திடு, இல்லைன்னா நீ இங்க மாத்துவ அது அங்க மாறும். ஜிக்பீ சேனலை மாத்தினா தூங்குற சென்சாருங்க சிலதை திரும்ப சேர்க்க வேண்டி வரலாம், அதனால நாப்பது சென்சார் ஆன பிறகு பண்ணாம இப்பவே பண்ணிடு.

கேள்வி: ரிப்பீட்டர் பிளக் ரெண்டு வெச்சேன், சென்சாருக்கு ஒரு முழ தூரத்துல ஒண்ணு இருக்கு. ஆனாலும் சென்சார் கீழ இருக்கிற ஹப்பையே புடிச்சுகிட்டு இருக்குன்னு ஆப்ல இருக்கிற நெட்வொர்க் படத்துல காட்டுது. என்ன பண்றது?

சில சென்சார் அப்படித்தான், ஒரு தடவை ஒருத்தரை புடிச்சா விடாது, பக்கத்துல நல்ல வழி வந்ததை தேடிப் பாக்கவே செய்யாது. ஒரு நாள் விட்டுப் பாருங்க, மாறலைன்னா சென்சாரை ஆப்ல இருந்து எடுக்காமலே அது இருக்கிற இடத்துல வெச்சு மறுபடி சேர்க்கும் பட்டனை அழுத்திப் புடிங்க, இந்த பிளக் வழியா மட்டும் சேருன்னு சொல்ற வசதி உங்க ஆப்ல இருந்தா இன்னும் நல்லது. படத்தையும் முழுசா நம்ப வேண்டாம், அது பழைய நிலவரத்தை ரொம்ப நேரம் காட்டிகிட்டு இருக்கும். கதவைத் திறந்து மூடிப் பாருங்க, சேதி உடனே வருதா இல்லையா, அதுதான் கணக்கு.

கேள்வி: ஸ்விட்சுக்கு பின்னாடி ஒளிச்சு வைக்கிற குட்டி ரிலே மாட்யூல் வாங்கி மாட்டினோம். மேசை மேல வெச்சு டெஸ்ட் பண்ணப்ப நல்லா இருந்துச்சு. சுவத்துக்குள்ள போட்டு மூடினதும் போச்சு.

உங்க ஸ்விட்ச் பாக்ஸ் இரும்பா பிளாஸ்டிக்கா பாருங்க. இரும்பு பாக்ஸ்னா அஞ்சு பக்கமும் தகடு, சிக்னலுக்கு முன்பக்க பிளேட் மட்டும்தான் வாசல், அந்த வாசல்லயும் ஸ்விட்சும் வயரும் அடைச்சுகிட்டு நிக்குது. மாட்யூலோட ஆன்டெனா சில மாடல்ல ஒரு சின்ன வயரா வெளிய தொங்கும், அதை சுருட்டி உள்ள திணிச்சிருப்பாங்க, அதை முன்பக்கமா, மத்த வயரைத் தொடாம விரிச்சு விடச் சொல்லுங்க. முன்னாடி இருக்கிற பிளேட்டும் உலோகமா இருந்தா பிளாஸ்டிக்குக்கு மாத்துங்க. இது எல்லாமே மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனை வெச்சு பண்ற வேலை, நீங்களா கை வைக்காதீங்க. அதுக்கும் சரி வரலைன்னா நேர் எதிர் சுவத்துல ஒரு ரிப்பீட்டர் பிளக் போட்டா பாக்ஸோட வாய் அதைப் பாத்த மாதிரி இருக்கும், அதுவே போதும்.

இன்னும் கண்ணுக்கு தெரியாத உலோகம் நிறைய இருக்கு, நிலைக்கண்ணாடிக்கு பின்னாடி பூசியிருக்கிறது, இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ். தண்ணி நிறைஞ்ச மீன் தொட்டியும் தொட்டி நிறைய தின்னும். சுவர் மேல பழியைப் போடுறதுக்கு முன்னாடி நடுவுல இதெல்லாம் எது நிக்குதுன்னு ஒரு சுத்து பாத்துடுங்க.

கேள்வி: புதுசா வீடு கட்டிகிட்டு இருக்கோம். இன்னும் மேல் தளம் போடல. ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட், மேட்டர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. காங்கிரீட் வீட்டுக்கு எது நல்லது? இப்பவே என்ன பண்ணி வைக்கலாம்?

இந்தக் கடிதத்தைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா தளம் போட்ட பிறகுதான் எல்லாரும் எழுதுறாங்க.

எது நல்லதுங்கறதை முதல்ல முடிச்சுடறேன். இசட்-வேவ், த்ரெட் ரெண்டும் ஜிக்பீ மாதிரியே சாமானுங்க பேசிக்கிற ரேடியோ முறைதான். இசட்-வேவ் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு கீழ ஓடுது, ஐரோப்பாவுல 868.42, அமெரிக்காவுல 908.42, இந்தியாவுல 865.2 மெகாஹெர்ட்ஸ். மேல சொன்ன கணக்குப்படி காங்கிரீட்டை தாண்டுறதுல இதுதான் கெட்டி, வைஃபை இரைச்சலும் இதுக்கு கிடையாது. ஆனா ஒரு நாட்டு சாமான் இன்னொரு நாட்டு ஹப்போட பேசாது, அதனால வெளிநாட்டுல இருந்து வர்றவங்ககிட்ட சொல்லி வாங்கிடாதீங்க, ஒரு சேதி அதிகபட்சம் நாலு கை மாறித்தான் போகும், சாமான் வகையும் கம்மி. இன்னொண்ணும் இருக்கு, இதோட அலை நீளம் 35 சென்டிமீட்டர் கிட்ட, தளத்துல கம்பி ரொம்ப நெருக்கமா கட்டியிருந்தா நீள அலைக்குத்தான் அந்த வலை அதிகமா தடுக்கும், அதனால காங்கிரீட்டை வெச்சு மட்டும் கணக்கு போட்டு கனவு காணாதீங்க. ஜிக்பீயும் த்ரெட்டும் ஒரே 2.4ல, ஒரே அடிப்படையில, 802.15.4ன்னு சொல்ற தரத்துல ஓடுது, ரெண்டுக்கும் காங்கிரீட் ஒரே அடிதான். ஆனா ஜிக்பீ பிளக் த்ரெட் சென்சாருக்கு சுமை தூக்காது, த்ரெட் பிளக் ஜிக்பீக்கு தூக்காது. ரெண்டையும் பாதி பாதி வாங்கினா ரெண்டு மெஷும் நோஞ்சானா நிக்கும். மேட்டர்ங்கறது 2022 அக்டோபர்ல வந்த பேச்சு மொழி, அது வைஃபை மேலயோ த்ரெட் மேலயோ ஓடும், மேட்டர்னு போட்டிருக்கிறதால சுவர் தாண்டும்னு நினைச்சுடாதீங்க. எதையாவது ஒண்ணை எடுத்துகிட்டு அதையே நிறைய வைங்க, எது எடுத்தீங்கங்கறதை விட அதுதான் முக்கியம்.

இப்ப நிஜமான விஷயம், தளம் போடுறதுக்கு முன்னாடி. மாடியில ஒவ்வொரு ரூமுக்கும் கரண்ட் பைப் போடும்போதே தனியா ஒரு பைப் லேனுக்குன்னு போடச் சொல்லுங்க, கரண்ட் வயர் ஓடுற அதே பைப்ல லேனை திணிக்க விடாதீங்க. எல்லா பைப்பும் ஒரு இடத்துல வந்து சேரட்டும், அந்த இடத்துல ரெண்டு மூணு பிளக் பாயின்ட் இருக்கட்டும், அந்தப் பெட்டி இரும்பா இருந்தா ரவுட்டரை அதுக்குள்ள வைக்காதீங்க, லேன் கேபிளை பிரிச்சுக் கொடுக்குற நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் உள்ள, ரவுட்டர் வெளிய. பைப்ல வளைவை கம்மியா வெச்சு உள்ள ஒரு இழுக்குற கயிறு விட்டு வைங்க, இன்னிக்கு கேபிள் போடலைன்னாலும் அஞ்சு வருஷம் கழிச்சு போடலாம். வாசல் கேட்டுக்கும், மொட்டை மாடிக்கும் ஒவ்வொண்ணு. ஒவ்வொரு மாடியிலயும் கூரை நடுவுல, படிக்கட்டு பக்கமா ஒரு லேன் பாயின்ட் இருந்தா அங்க ஆக்சஸ் பாயின்ட் மாட்டலாம், அது கூரையில இருந்து கீழ பாத்து பேசும், சுவரே குறைவா குறுக்க வரும்.

படி திரும்புற இடத்துல ஒரு பிளக் பாயின்ட். இதை யாரும் போட மாட்டாங்க, பிளான்ல இருக்காது, எலக்ட்ரீஷியன் இங்க எதுக்குன்னு கேப்பாரு. போடச் சொல்லுங்க. முழங்கால் உயரத்துல வேண்டாம், குழந்தைங்க கை வைக்கும், தலைக்கு மேல போடச் சொல்லுங்க, அதுல ஒரு ரிப்பீட்டரை சொருகிட்டு மறந்துடலாம். அப்புறம் ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர் ஒண்ணு இழுத்து விடச் சொல்லுங்க, பாக்ஸ் பிளாஸ்டிக்லயே போடுங்க, கொஞ்சம் ஆழமான பாக்ஸா இருக்கட்டும். நியூட்ரல் இருந்தா எந்த ஸ்மார்ட் ஸ்விட்சும் மாட்டலாம், நியூட்ரல் இல்லாம ஓடுற ஜிக்பீ ஸ்விட்ச் நிறைய மாடல் ரிப்பீட்டர் வேலை பாக்காது, உங்க மெஷ்ல அது ஒரு தூங்குமூஞ்சியாத்தான் சேரும். ஸ்விட்சே ரிப்பீட்டரா இருந்தா பல்பை அணைக்கிற பிரச்சனையும் வராது, ஏன்னா ஸ்விட்சுக்கு எப்பவும் கரண்ட் இருக்கும்.

புது காங்கிரீட்ல இன்னும் நிறைய ஈரம் இருக்கும், அதனால குடி போன முதல் சில மாசம் சிக்னல் மட்டமா இருந்தா பயப்பட வேண்டாம், காய காய கொஞ்சம் தேறும். தளம் போடுற முந்தின நாள் கம்பி கட்டி முடிச்சதும் பைப் ஓடுற இடத்தை எல்லாம் அடி அளவு தெரியுற மாதிரி டேப்பை வெச்சு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, கொட்டி மூடிட்டா யாருக்கும் நினைவு இருக்காது.